டிராப் ஷாட்டுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

பொருள்: டிராப் ஷாட் – சொல் வேண்டும்

அன்பின் குழுவினருக்கு,

நன்னீர்த் தூண்டில் சொற்பட்டியலில் பெரும்பாலான இடங்கள் நிரம்பிவிட்டன. முள், தக்கை, குண்டு, நரம்பு (தூண்டில் நூல்) எல்லாம் நம்மிடம் ஏற்கெனவே புழங்குபவை. ‘டிராப் ஷாட்’ (drop shot) என்ற தூண்டில் முறை மட்டும் காலியாக நிற்கிறது. டிராப்பைத் துளி என்றும் ஷாட்டைச் சுடுதல் என்றும் எடுத்துக்கொண்ட பரிந்துரைகளைத் தள்ளிவிட்டேன். இங்கே ஷாட் என்பது ஈயக்குண்டு, அவ்வளவுதான்.

அமைப்பு இதுதான்: கோலிலிருந்து வரும் நரம்பில் முள்ளைக் கட்டிவிட்டு, மிச்ச நரம்பை வெட்டாமல் கீழே தொங்கவிட்டு, அதன் நுனியில் குண்டு மாட்டுவது. குண்டு நீரடித் தரையில் உட்காரும். முள்ளும் இரையும் அதற்கு மேலே ஒரு முழம் உயரத்தில் நிற்கும். ஜப்பானில் உருவாகி, 1990களின் பிற்பகுதியில் கலிஃபோர்னியாவின் தெளிநீர்த் தேக்கங்கள் வழியாக வட அமெரிக்காவுக்குள் பரவிய முறை. ஜப்பானியர் இதை ‘டவுன் ஷாட்’ என்கிறார்கள். ஆகவே அமெரிக்கப் பெயரைச் சொல்லுக்குச் சொல் பெயர்க்கும் கட்டாயம் நமக்கும் இல்லை.

என் பரிந்துரை: அந்தரத் தூண்டில்.

கூடவே ஒன்று. இந்த முறையில் பிடிக்கும் பாஸ் மீனுக்குக் ‘கொடுவா’ என்று இருந்ததை நீக்குகிறேன். கொடுவா நம் கடலிலும் கழிமுகத்திலும் இருப்பது, குடும்பமே வேறு. சிறுவாய் பாஸ், பெருவாய் பாஸ் இரண்டும் வட அமெரிக்க நன்னீர் மீன்கள். வாய் மூடியிருக்கும்போது மேல்தாடையின் பின்நுனி கண்ணைத் தாண்டினால் பெருவாய், தாண்டாவிட்டால் சிறுவாய். ‘பாஸ்’ அப்படியே இருக்கட்டும்.

*

மறு: டிராப் ஷாட் – சொல் வேண்டும்

> என் பரிந்துரை: அந்தரத் தூண்டில்.

அழகான சொல், ஆனால் இடிக்கிறது. தக்கைத் தூண்டிலிலும் இரை அந்தரத்தில்தானே நிற்கிறது? தக்கையில் உயரத்தை நீர்மட்டத்திலிருந்து கீழ்நோக்கி அளக்கிறோம். இதில் தரையிலிருந்து மேல்நோக்கி அளக்கிறோம். படகு 8 மீட்டர் ஆழத்திலிருந்து 11 மீட்டர் ஆழத்துக்கு நகர்ந்தாலும் இரை தரைக்கு மேலே அதே 30 சென்டிமீட்டரில்தான் இருக்கும். இந்த முறையின் உயிரே அதில்தான் இருக்கிறது. சொல் அதைக் காட்ட வேண்டும்.

கனடாவின் ஒன்ராறியோ மாகாண ஏரிகளில் இது ஏன் இவ்வளவு பயன்படுகிறது என்பதையும் குறிப்பில் சேர்க்கலாம். 1988இல் செயின்ட் கிளேர் ஏரியில் வரிக்குதிரைச் சிப்பி கண்டுபிடிக்கப்பட்டது. வளர்ந்த சிப்பி ஒன்று நாளைக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் நீரை வடிகட்டும். அது பரவிய ஏரிகளில் மிதக்கும் பாசி குறைந்து நீர் தெளிந்தது. அடுத்து 1990இல் உருண்டை கோபி என்ற சிறுமீன் அதே வட்டாரத்தில் தென்பட்டது. அதற்குக் காற்றுப்பை கிடையாது, அதனால் தரையை ஒட்டியே கிடக்கும். சிறுவாய் பாஸ் அதைத் தின்னப் பழகியதும் அதன் கவனமும் தரைக்குப் போய்விட்டது. எனவே ஈரி ஏரி போன்ற இடங்களில் முள்ளுக்கும் குண்டுக்கும் இடையே 15 முதல் 30 சென்டிமீட்டர் போதும். தரையில் பாசியோ களையோ நின்றால் அதன் தலைக்கு மேல் இரை தெரிய வேண்டும், அப்போது 45 முதல் 60 வரை போகலாம். கோபியைப் போன்ற பிளாஸ்டிக் இரை மாட்டலாம். கோபியையே இரையாக மாட்டுவது ஒன்ராறியோவில் சட்டப்படி குற்றம்.

தெளிநீர் என்றால் என்ன என்பதையும் வரையறுத்துவிடுங்கள். 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள கறுப்பு வெள்ளைத் தட்டை இறக்கி, கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறிக்கும் செக்கி தட்டு இதற்கென்றே இருக்கிறது. தூண்டில்காரருக்கு அவ்வளவு வேண்டாம், ஒரு வெள்ளை இரையை நிழல் பக்கமாக இறக்கி எங்கே மறைகிறது என்று பார்த்தாலே போதும். 4 மீட்டருக்குக் கீழேயும் தெரிந்தால் நரம்பு, படகின் நிழல், எறியும் தூரம் எல்லாவற்றையும் மாற்ற வேண்டிவரும்.

*

மறு: டிராப் ஷாட் – சொல் வேண்டும்

ஐயா, குண்டு அடியில், முள் மேலே என்பது நம் கடற்கரைக்குப் புதிதல்ல. கைத்தூண்டிலில் நுனியில் ஈயம், அதற்கு மேலே கிளை கிளையாக முள் கட்டுவது பழைய வழக்கம். அதற்கும் இதற்கும் ஒரே சொல் வைத்தால் குழம்பும். வேறுபாடு கிளையில் இருக்கிறது. கைத்தூண்டிலில் முள் தனி நரம்பில் பக்கவாட்டில் தொங்குகிறது. இதில் முள் தாய் நரம்பிலேயே இருக்கிறது. மீன் வாய் வைத்தால் நடுவில் தொய்வே இல்லாமல் கோல் நுனிக்கு வந்துவிடும்.

முள் எங்கே இருக்கிறது என்பதை வைத்தே மூன்றையும் பிரிக்கலாமே: நுனியில் இருந்தால் கடைமுள், கிளையில் இருந்தால் கிளைமுள், நரம்பின் இடையில் இருந்தால் இடைமுள். டிராப் ஷாட் = இடைமுள் தூண்டில்.

*

மறு: டிராப் ஷாட் – சொல் வேண்டும்

இடைமுள்ளுக்கு என் வாக்கு. ‘குண்டு பற்றிப் பேச்சே இல்லையே’ என்று யாராவது கேட்பார்கள். முள் இடையில் இருந்தால் கடையில் வேறென்ன இருக்கும்? குண்டுதான். சொல்லாமலே விளங்கும்.

ஆனால் குறிப்பில் கட்டும் முறையைத் தெளிவாகத் தர வேண்டும். முள் பக்கவாட்டில் படுத்துவிட்டாலோ கீழே பார்த்துவிட்டாலோ இடைமுள் வேலைக்கு ஆகாது. பாலோமர் முடிச்சுதான் வழக்கம், அந்தப் பெயரை மாற்ற வேண்டாம். முதலில் நரம்பை மடித்து, அந்த மடிப்பை முள்ளின் கண்ணுக்குள் நுழைக்க வேண்டும். குண்டுப் பக்கம் போகும் நரம்பை 50 சென்டிமீட்டருக்குக் குறையாமல் நீளமாக விட்டுக்கொள்ளுங்கள். மடித்த நரம்பால் கண்ணுக்கு மேலே ஒரு சாதாரண முடிச்சு, இறுக்காமல். மடிப்பு வளையத்தை விரித்து முள் முழுவதையும் அதற்குள் விட்டு வெளியே எடுக்க வேண்டும். இப்போது எச்சிலால் நனைத்து இரண்டு முனைகளையும் சேர்த்து இழுத்து இறுக்குங்கள். கடைசியாக, நீள முனையை முள்நுனி இருக்கும் பக்கத்திலிருந்து கண்ணுக்குள் மறுபடி நுழைத்துக் கீழே இறக்குங்கள். இந்தக் கடைசிப் படியை விட்டால் முள் தொங்கிப்போகும். செய்தால் நரம்புக்குச் செங்குத்தாக, நுனி மேலே பார்த்தபடி நிமிர்ந்து நிற்கும்.

நனைக்காமல் இறுக்கினால் ஃபுளூரோகார்பன் என்ற செயற்கை நரம்பு உராய்வுச் சூட்டில் சுருண்டு, முடிச்சிலேயே அறும். முடிச்சுக்கு மேலே நரம்பு சுருள் சுருளாகத் தெரிந்தால் தயங்காமல் வெட்டிவிட்டுப் புதிதாகக் கட்ட வேண்டியதுதான்.

*

மறு: டிராப் ஷாட் – சொல் வேண்டும்

இடைமுள் சரி. ஒன்ராறியோ மடலில் நரம்பை மாற்ற வேண்டும் என்று சொல்லி நிறுத்திவிட்டார்கள், அதை நிரப்புகிறேன். ‘ஃபுளூரோகார்பன் நீரில் மறைந்துவிடும்’ என்று கடைக்காரர்கள் சொல்வதை அப்படியே பட்டியலில் ஏற்றிவிடக் கூடாது. நீரின் ஒளிவிலகல் எண் 1.33, ஃபுளூரோகார்பனுக்கு 1.42, நைலானுக்கு ஏறக்குறைய 1.53. நைலானைவிட நீருக்கு நெருக்கம், எனவே குறைவாகத் தெரிகிறது. மறைவதில்லை. தடிமன் கூடினால் எதுவானாலும் தெரியும். 6 முதல் 8 பவுண்டு வலுவுள்ள நரம்பைப் பரிந்துரைப்பது இதனால்தான்.

அடர்த்தி இன்னொரு காரணம், எனக்கு அதுவே பெரிதாகப் படுகிறது. நீரை 1 என்று கொண்டால் ஃபுளூரோகார்பன் 1.78, நைலான் 1.14, பிரெய்டு எனும் பின்னல் நரம்பு 0.97. பிரெய்டு மிதக்கும், காற்றில் வில்லாக வளையும், ஆனால் நீளாது, கடி நன்றாகத் தெரியும். ஆகவே ரீலில் 10 பவுண்டு பிரெய்டு, அதன் முனையில் இரட்டை யூனி முடிச்சால் 2 முதல் 3 மீட்டர் ஃபுளூரோகார்பன். இந்த இரண்டாம் துண்டுக்கு ‘முன்னிழை’ என்று ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருக்கிறோம்.

என்னென்ன கெடும் என்பதையும் ஒரு பத்தியில் சேருங்கள், சொல் மட்டும் இருந்தால் யாருக்கும் பயன்படாது. முதல் கேடு முறுக்கு. மூக்கில் முள் குத்திய புழு இரையை வேகமாகச் சுருட்டினால் காற்றாடிபோலச் சுழலும், நரம்பு ரீலில் முறுக்கிக்கொள்ளும். மெதுவாகச் சுருட்ட வேண்டும், அல்லது முள்ளுக்கு அரை மீட்டர் மேலே சின்ன சுழலியொன்று வைக்கலாம். இரண்டாவது, ஆட்டுவது. புதியவர்கள் கோலைத் தூக்கித் தூக்கிப் போடுவார்கள், குண்டு தரையில் தாவும், இரை குண்டோடு ஓடும். நரம்பைச் சற்றே தொய்ய விட்டு, அந்தத் தொய்வை மட்டும் கோல் நுனியால் நடுக்க வேண்டும். குண்டு அசையாது, இரை நின்ற இடத்திலேயே துடிக்கும். தெளிநீரில் பாஸ் நெருங்கி வந்து பார்த்துவிட்டுத்தான் வாய் வைக்கும். அதனால் ஆட்டுவதைவிடச் சும்மா விடுவதே பல நேரம் மேல், 10 விநாடி நடுக்கினால் 10 விநாடி சும்மா விடலாம். மூன்றாவது, சுண்டுவது. விராலுக்குச் சுண்டுவதுபோல இதில் சுண்டினால் 6 பவுண்டு நரம்பு அறும், இல்லை மெல்லிய கம்பி முள் விரியும். கடி பட்டதும் தொய்வைச் சுருட்டி, கனம் தெரிந்தபின் கோலைப் பக்கவாட்டில் நீளமாக இழுத்தால் போதும். 1 அல்லது 2 எண் முள் தானே ஏறிவிடும்.

தூரமும் முக்கியம். 5 மீட்டருக்குக் குறைந்த தெளிநீரில் படகுக்கு நேர் கீழே இறக்கினால் மீன் படகைத்தான் பார்க்கும். 20, 25 மீட்டர் எறிந்து இழுத்து வாருங்கள். 8 மீட்டருக்கு மேல் ஆழமென்றால் சோனார் திரையில் மீனைப் பார்த்து நேரே இறக்கலாம். அசைவே இல்லாத நடுப்பகல் வெயில் மோசம், மேற்பரப்பு சிலுசிலுக்கும் அளவுக்குக் காற்று இருந்தால் நல்லது.

*

மறு: டிராப் ஷாட் – சொல் வேண்டும்

> கடையில் வேறென்ன இருக்கும்? குண்டுதான்.

அந்தக் குண்டுக்கும் ஒரு சொல் வேண்டும். இதில் புழங்குவது சாதாரணக் குண்டல்ல. தலையில் கண்ணுக்குப் பதிலாகக் குறுகிக்கொண்டே போகும் கம்பிப் பிளவு இருக்கும். நரம்பை அதில் செருகி மேலே இழுத்தால் கவ்விக்கொள்ளும், முடிச்சு தேவையில்லை. பாறை இடுக்கில் சிக்கினால் குண்டு மட்டும் நழுவிப் போய்விடும், முள்ளும் இரையும் கைக்கு வரும். பலர் பயந்துகொண்டு நரம்பின் நுனியில் ஒரு முடிச்சும் போட்டுவிடுகிறார்கள். அப்புறம் அது எங்கே நழுவும்? முழுத் தூண்டிலும் அறுந்து ஏரியில் கிடக்கும். நான் சொல்வது ‘கவ்வுகுண்டு’. பாறைத் தரைக்கு ஒல்லியான உருளை வடிவம், மணலுக்கு உருண்டை.

எடை: அமைதியான நாளில் 6 மீட்டர் வரை 5 முதல் 7 கிராம், 10 மீட்டருக்கு மேல் 10 கிராம், காற்றும் நீரோட்டமும் சேர்ந்தால் 14 கிராம். கனம் குறைந்தால் தரை தெரியாது. கூடினால் மெல்லிய கடி தெரியாது.

‘ஈயக்குண்டு’ என்று மட்டும் வரையறையில் எழுதாதீர்கள். கனடாவின் தேசியப் பூங்காக்களில் 50 கிராமுக்குக் குறைந்த ஈயக்குண்டு தடை. லூன் என்ற நீர்ப்பறவைகள் கூழாங்கல்லோடு சேர்த்து விழுங்கிச் சாவதுதான் காரணம். டங்ஸ்டன் விலை கூடுதல், ஆனால் அதே எடைக்கு உருவம் சிறியது, பாறைமேல் பட்டால் ‘டக்’ என்று கைக்குத் தெரியும்.

*

மறு: டிராப் ஷாட் – சொல் வேண்டும்

எல்லாவற்றையும் சேர்த்து இப்படி வைக்கிறேன், திருத்துங்கள்.

இடைமுள் தூண்டில்: தாய் நரம்பின் இடையில் முள்ளும் நுனியில் குண்டும் கட்டப்பட்டு, இரை தரையிலிருந்து மாறாத உயரத்தில் நிற்கும் தூண்டில் அமைப்பு. கிளைமுள் தூண்டில் காண்க.

வால்: இடைமுள்ளுக்கும் குண்டுக்கும் இடைப்பட்ட நரம்பு. வழக்கமான நீளம் 15 – 60 செ.மீ.

கவ்வுகுண்டு: முடிச்சின்றி நரம்பைக் கவ்வி நிற்கும் குண்டு. ஈயம் அல்லது டங்ஸ்டன்.

நடுக்குதல்: குண்டை நகர்த்தாமல், தொய்வான நரம்பை அசைத்து இரையைத் துடிக்க வைத்தல்.

ஆழத்திலிருந்து இழுத்த மீனின் காற்றுப்பை உப்பிக்கொள்ளும் நிலைக்கும் ஒரு பதிவு வேண்டும் என்று தனி மடலில் கேட்டிருந்தார்கள். ‘காற்றுப்பை உப்பல்’ என்று போடலாமா? 9, 10 மீட்டருக்குக் கீழிருந்து பிடித்ததை விடும்போது வயிறு வீங்கி, கவிழ்ந்து மிதந்தால் அதுதான். படகில் வைத்துப் படமெடுத்துக்கொண்டிருக்காமல் உடனே விட்டால் பெரும்பாலும் தானே இறங்கிவிடும்.

*

மறு: டிராப் ஷாட் – சொல் வேண்டும்

‘வால்’ வேண்டாம் ஐயா. பிளாஸ்டிக் புழுவுக்கும் வால் இருக்கிறது, மீனுக்கும் இருக்கிறது. ‘வாலைக் குறை’ என்றால் புதியவர் புழுவை நறுக்கிவிடுவார். ‘அடியிழை’ என்று வையுங்கள், முன்னிழைக்கு ஜோடியாகவும் இருக்கும். மற்றதெல்லாம் சம்மதம்.