ரேஸ் நடத்த எந்தப் படகு: பழைய ஃபைபரா, ரப்பர் போட்டா?

கொடிமரம்:
எங்கள் பாய்மரப் படகு கிளப்பின் கமிட்டி போட், அதாவது நங்கூரமிட்டு நின்று ரேஸை நடத்தும் படகு, இந்த சீசனோடு ஓய்வு பெறுகிறது. ரேஸ் நடப்பது சென்னைக் கடலில். ஆப்டிமிஸ்ட் (சிறுவர்களுக்கான குட்டிப் பாய்ப்படகு) பிள்ளைகள், லேசர்கள் (ஒருவர் ஓட்டும் பாய்ப்படகு) எல்லாம் சேர்த்து 40 படகு வரும். 9 மீட்டர் மீன்பிடி ஃபைபர் போட் ஒன்றைப் பழையதாக வாங்கி, கூரையும் கொடிக்கம்பமும் போட்டுக்கொள்ளலாம் என்பது என் யோசனை. மறுப்பவர்கள் காரணத்தோடு வாருங்கள்.

வாடைக்காற்று:
மறுக்கிறேன் சார். ஒரு நல்ல ரப்பர் போட் போதும். ஸ்டார்ட் கோடு காற்றுக்குக் குறுக்கே இருக்க வேண்டும். காற்று 20 டிகிரி திரும்பிவிட்டால் இரண்டு பேர் சட்டென்று நங்கூரம் தூக்கி இடம் மாறலாம். உங்கள் ஃபைபர் போட்டுக்கு அதற்கே நாலு பேர் வேண்டும். ரேஸ் இல்லாத நாளில் ரப்பர் போட் கோச்சுக்கு உதவும். பிள்ளைகள் கவிழ்ந்தால் தூக்கவும் அதுவே ஆகும்.

கொடிமரம்:
அந்தக் கடைசி வரியில்தான் வம்பு. நங்கூரமிட்ட கமிட்டி போட்தான் ஸ்டார்ட் கோட்டின் ஒரு முனை. அது பிள்ளையைத் தூக்கப் போய்விட்டால் கோடு எங்கே? மீட்புக்குத் தனிப் படகு வேண்டும், அதில் பேச்சே இல்லை. காற்று கொஞ்சம் திரும்பினால் எதிர்முனை மிதவையை நகர்த்தினால் சரி.

அப்புறம் கொடி. பாய்மரப் படகுப் போட்டி விதி 26-ன்படி நேரம் கொடியைப் பார்த்துத்தான், ஹாரன் கேட்கவில்லை என்று யாரும் முறையிட முடியாது. 5 நிமிடம் இருக்கும்போது வகுப்புக் கொடி (அந்தப் படகு வகைக்கான கொடி) ஏறும், 4-ல் ஆயத்தக் கொடியான P, 1-ல் அது இறங்கும், ஸ்டார்ட்டுக்கு வகுப்புக் கொடியும் இறங்கும். 25 லேசர் என்றால், ஒன்றுக்கு 4.2 மீட்டர் வைத்து அதோடு கால்பங்கு கூட்டினால் கோடு ஏறக்குறைய 130 மீட்டர். ரப்பர் போட்டில் ஆள் உயரத்தில் பிடித்த கொடி அந்தக் கோடியில் இருப்பவனுக்கு எப்படித் தெரியும்? நடுவில் அத்தனை பாய்!

டிங்கி அப்பா:
போன மாதம் ரப்பர் போட்டில் ஐந்து மணி நேரம் உட்கார்ந்து குறிப்பெழுதினேன். வெயில், அலை, நனைந்து ஊறிய காகிதம். மூன்று படகுகள் ஸ்டார்ட்டுக்கு முன்பே கோட்டைக் கடந்தன, இரண்டின் பாய் எண்ணைத்தான் எழுத முடிந்தது. தப்பித்த மூன்றாமவன்தான் ஜெயித்தான். கழிப்பறை இல்லாததால் என் மனைவி உட்பட எந்த அம்மாவும் இந்த வேலைக்கு வருவதில்லை. அதை யாராவது கணக்கில் எடுங்களேன்.

வாடைக்காற்று:
கொடி விஷயத்தில் தோற்றேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கழிப்பறைக்கென்று கேபின் எழுப்பினால் அதன் காற்று நிழல் பின்பக்கம் விழும். கடைசி நிமிடத்தில் போட் பக்கமாக வருகிறவன் அதில் மாட்டிப் பாய் சோர்ந்து நிற்பான். அந்த இடத்துக்குத்தானே எல்லோரும் அடித்துக்கொள்கிறார்கள்! தவிர, காற்று மெலிந்த நாளில் அடிக்கட்டை ஆழமான படகு காற்றை விட்டுவிட்டு நீரோட்டத்தைப் பார்த்து நிற்கும்.

காசிமேட்டுக்காரன்:
அண்ணே, ஃபைபர் போட் எங்கள் வீட்டுச் சாமான், அதனால் சொல்கிறேன். வலையும் ஐஸும் ஏற்றினால் நிதானமாக நிற்கும். வெறும் போட் அலையில் தொட்டில் மாதிரி ஆடும். அடியில் மணல் மூட்டை போடுங்கள். பின்பக்கம் ஒரு சின்னப் பாய் கட்டினால் அணியம் (படகின் முன்முனை) காற்றைப் பார்த்தே நிற்கும், நீரோட்டம் பலமாக இருந்தால் மட்டும் அதுவும் கேட்காது.

10 மீட்டர் ஆழத்துக்கு 50 மீட்டர் கயிறாவது விட வேண்டும், முனையில் சங்கிலியோடு. அவ்வளவு கயிறு அணியத்துக்கு முன்னால் சாய்வாகக் கிடந்தால், ஸ்டார்ட் ஆனதும் வலப்பக்கம் திரும்புகிறவனின் படகுக்கு அடியில் நீட்டியிருக்கும் பலகை அதில் மாட்டும். கயிற்றில் ஒரு கனத்தைத் தொங்கவிடுங்கள், கீழே அமுங்கிவிடும். கழிப்பறைக்கு இடுப்புயரத் தடுப்பும் திரையும் போதும், கேபின் எதற்கு?

கொடிமரம்:
திரைக்கு டிங்கி அப்பா வீட்டில் சம்மதம் வாங்குங்கள். தம்பி, வாங்குவதற்கு முன் ஒரு ஞாயிறு வாடகைக்குக் கிடைக்குமா?

காசிமேட்டுக்காரன்:
மாமா போட் இருக்கிறது. டீசலும் ஒரு ஆள் கூலியும் கொடுங்கள். மீன் வாடைக்கு நான் பொறுப்பில்லை.

வாடைக்காற்று:
நானும் வருகிறேன். நங்கூரம் தூக்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று வாட்ச் வைத்துப் பார்ப்பேன். பத்தைத் தாண்டினால் ஓட்டு ரப்பர் போட்டுக்குத்தான்.