தோட்டம், சமையல், புத்தகம், ஊர்சுற்றல்: இதில் எழுதுவது எப்போது?

மொட்டைமாடி (நங்கநல்லூர்):

எல்லாருக்கும் வணக்கம். புலம்பல் மாதிரி தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், கேள்வி உண்மையான கேள்விதான்.

வங்கி வேலையை விட்டு ஒன்றரை வருஷம் ஆகிறது. நாவல் எழுதத்தான் விட்டேன். 1950களில் ராயப்பேட்டையில் ஒரு அச்சகம், அங்கே கம்பாசிட்டராக, அதாவது ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்து அச்சுக் கோக்கிறவராக, வேலை பார்க்கிற ஒருவர், அவர் குடும்பம், இதுதான் கதை. வேலையில் இருந்த நாட்களில் ராத்திரி பத்து மணிக்கு மேல் சமையலறை மேஜையில் உட்கார்ந்து 112 பக்கம் எழுதியிருந்தேன். இன்றைக்கு அது 131-ல் நிற்கிறது. மாதத்துக்கு ஒரு பக்கம், கொஞ்சம் சொச்சம். கணக்கு எழுதியே காலம் தள்ளியவளுக்கு இது உறைக்காமல் இருக்குமா?

நேற்றைய நாளைச் சொல்கிறேன், நீங்களே பாருங்கள். ஐந்தரைக்கு எழுந்தேன். காபி போட்டுக்கொண்டு "ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டு வந்துவிடலாம்" என்று மாடிக்குப் போனேன். தைப்பட்டத்தில் போட்ட வெண்டை இப்போதுதான் காய்க்க ஆரம்பித்திருக்கிறது, ஒரு நாள் விட்டால் முற்றிவிடும், அதனால் பறித்தேன். செம்பருத்தியில் மாவுப்பூச்சி. பழைய பல் துலக்கும் பிரஷ்ஷை எடுத்து ஒவ்வொரு கணுவாகத் தேய்த்துக்கொண்டிருந்தேன், இறங்கி வரும்போது மணி எட்டேகால். தண்டுக்கீரை நாலு செடி வளர்ந்து நின்றது, பறித்ததைச் சமைக்காமல் விட மனசு வரவில்லை. கல்சட்டியில் கீரையை மசித்து, தண்டைச் சாம்பாரில் போட்டு, வெண்டைக்காயை மோர்க்குழம்புக்கு ஒதுக்கி (சாம்பார் ஒரு நாள், மோர்க்குழம்பு அடுத்த நாள், எங்கள் வீட்டில் இரண்டையும் ஒன்றாக வைத்தால் மாமியார் பேசமாட்டார்), பத்து மணிக்கு மேஜைக்கு வந்தேன்.

வந்து உட்கார்ந்ததும் என் ஆள் டிராம் ஏறப் போகிறார். டிராம் 1953-ல் நின்றுபோனது, அதுவரை எனக்குத் தெரியும். ஆனால் அவர் ஏறுகிற அந்த வருஷம் டிக்கெட் எவ்வளவு? அதைத் தேடப் போய், அதிலிருந்து வேறொன்று, ஜனவரியில் நந்தனம் புத்தகக் காட்சியில் வாங்கிய 23 புத்தகங்களில் ஒன்றில் இதைப் பற்றி ஏதோ இருந்ததே என்று அதை எடுத்து, அறுபது பக்கம் படித்து முடித்தபோது ஒரு மணி. ஆள் இன்னும் டிராம் ஏறவில்லை.

இதற்கு நடுவில் மாதம் ஒரு தடவை எங்கேயாவது போய்விட்டு வருவேன். காஞ்சிபுரம், மாமல்லபுரம், பொன்னேரிப் பக்கம், எல்லாம் காலையில் போய் ராத்திரி திரும்புகிற தூரம்தான். அது இல்லாமல் எனக்கு முடியாது.

எழுதுகிறவர்கள் இதையெல்லாம் எப்படிச் சமாளிக்கிறீர்கள்? எதையாவது விட்டீர்களா? விட்டீர்கள் என்றால் எதை?

இரவுப்பணி (வேளச்சேரி):

அக்கா, தப்பாக எடுத்துக்காதீங்க, உங்களுக்கு நேரம் இல்லாதது பிரச்சினை இல்லை, இருக்கிறதுதான் பிரச்சினை. வேலையில் இருக்கும்போது 112 பக்கம், விட்ட பிறகு 19. நீங்களே போட்ட கணக்கு.

நான் எழுதுவது பறக்கும் ரயிலில். வேளச்சேரியில் ஏறினால் சேப்பாக்கம் வரும் வரை, போனில், கட்டைவிரலால். ஜன்னல் பக்கம் உட்காரமாட்டேன், உட்கார்ந்தால் பக்கிங்ஹாம் கால்வாயைப் பார்த்துக்கொண்டு வந்துவிடுவேன். அப்படியே போன வருஷம் ஒன்பது சிறுகதை. நல்ல கதைகளா என்று கேட்காதீர்கள், ஆனால் முடிந்த கதைகள். செடியை வாரத்துக்கு இரண்டு நாள் என்று வையுங்கள். மாவுப்பூச்சியை பிரஷ்ஷால் தேய்ப்பதெல்லாம் எழுதாமல் இருக்க நாம் கண்டுபிடிக்கிற வேலை.

கீரைக்கட்டு (மாதவரம்):

நாவலைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் தெரியாது. மாவுப்பூச்சியைப் பற்றித் தெரியும்.

முந்தைய பதிவில் தம்பி சொன்னபடி வாரம் இரண்டு நாள் என்று விட்டால் செம்பருத்தி மட்டுமில்லை, பக்கத்தில் இருக்கிற கத்தரி, கொய்யா எல்லாவற்றுக்கும் ஏறிவிடும். ஆனால் பிரஷ் வேண்டாம். முதலில் எறும்பைப் பாருங்கள். மாவுப்பூச்சி கசியவிடுகிற இனிப்புக்காக எறும்பு அதற்குக் காவல் நிற்கும், செடிக்குச் செடி தூக்கிக்கொண்டும் போகும். எறும்பு ஏறுகிற வழியை அடைத்தாலே பாதி வேலை முடிந்தது. தொட்டியைச் செங்கல் மேல் தூக்கி வையுங்கள், தளத்துக்கும் நல்லது, ஈரம் இறங்காது. அப்புறம் குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி பூச்சியைக் கீழே தள்ளிவிட்டு, சாயங்காலம் வேப்பெண்ணெய் ஒரு லிட்டருக்கு 5 மில்லி. எண்ணெய் தண்ணீரில் சேராது, கொஞ்சம் காதி சோப்பைக் கரைத்து அதில் கலக்கி அடியுங்கள். வெயிலில் அடித்தால் இலை கருகிவிடும். வாரம் ஒரு தடவை, மூன்று வாரம்.

பப்பாளி இருக்கிறதா? இருந்தால் அதில் வருவது வேறு ரகம். 2008-ல் கோயம்புத்தூர்ப் பக்கம் முதலில் தெரிந்து, மரவள்ளி, மல்பெரி என்று தமிழ்நாடு முழுக்க ஒரு வழி பண்ணியது. எந்த மருந்துக்கும் அடங்கவில்லை. 2010-ல் வெளிநாட்டிலிருந்து ஒரு சின்னக் குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள், அது பூச்சிக்குள்ளேயே முட்டை வைத்து அதைத் தீர்த்துவிடும். அதனால் பப்பாளியில் கண்ட மருந்தை அடிக்காதீர்கள், குளவியும் போய்விடும்.

இன்னொன்று, மே மாதம் கத்திரி வெயில் வருவதற்குள் நிழல்வலை கட்டிவிடுங்கள். வெண்டைக்குத் தேவையில்லை, கீரைக்குக் கட்டாயம் வேண்டும். வெண்டையில் பூ உதிர்ந்தால் தேமோர்க் கரைசல் (தேங்காய்ப்பாலும் மோரும் கலந்து புளிக்க வைத்தது) விடுங்கள். இவ்வளவுதான்.

பழுப்புத்தாள் (திருவல்லிக்கேணி):

அம்மா, எனக்கு 68 வயது. முப்பத்தைந்து வருஷம் பிழைதிருத்துநராக இருந்தேன், ஊர்களைப் பற்றிக் கட்டுரையும் எழுதுகிறேன். கம்பாசிட்டர் கதை என்றதும் பேசாமல் இருக்க முடியவில்லை.

ரயிலில் எழுதுகிற தம்பிக்கு என் மரியாதை உண்டு. ஆனால் அவர் சொல்வது சிறுகதைக்குச் சரி. நாவலுக்குச் செடியையும் சமையலையும் வெட்டினால், மிச்சமாகிற நேரத்தில் இணையத்தில் இன்னும் இரண்டு மணி நேரம் டிராம் டிக்கெட் தேடுவீர்கள். உங்கள் பதிவைத் திரும்பப் படியுங்கள். மாடியில் போனது இரண்டே முக்கால் மணி நேரம், ஆனால் எழுத உட்கார்ந்த பிறகு போனது மூன்று மணி நேரம். திருடன் மாடியில் இல்லை, மேஜையிலேயே உட்கார்ந்திருக்கிறான்.

நாங்கள் புரூஃப் பார்க்கும்போது சந்தேகம் வந்தால் அங்கேயே நிற்கமாட்டோம். ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போவோம். காலி (கோத்த எழுத்தை நீளத் தாளில் அச்சடித்துத் தருகிற முதல் புரூஃப்) முழுக்கப் பார்த்து முடித்தபின்தான் கேள்விக்குறிகளை எடுத்துக்கொண்டு ஆசிரியரிடம் போவது. நீங்களும் டிராம் டிக்கெட் என்ற இடத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டு ஆளை ஏற்றி அனுப்புங்கள். ஐம்பது குறி சேர்ந்ததும் ஒரு நாள் தரமணிக்குப் போங்கள், ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு. கோட்டையூர்க்காரர் ஒருவர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்ததை வைத்து 1994-ல் தொடங்கியது. பழைய பத்திரிகைகள், விளம்பரங்கள், கல்யாணப் பத்திரிகைகள் வரைக்கும் இருக்கும். ஆனால் பட்டியல் இல்லாமல் போகாதீர்கள், போனால் அங்கேயே குடியிருந்துவிடுவீர்கள், என் அனுபவம். மிச்சம் எழும்பூர் கன்னிமாரா நூலகத்தில். 1896-ல் திறந்தது, 1954-ம் வருஷத்துச் சட்டப்படி இந்தியாவில் வெளியாகிற எல்லாப் புத்தகமும் ஒரு பிரதி அங்கே வந்தாக வேண்டும். உட்கார்ந்து எழுத இடம் வேண்டுமென்றால் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகத்தோடு போய் உட்கார தனிப் பிரிவு இருக்கிறது, ஆனால் போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் காலையிலேயே இடம் பிடித்துவிடுவார்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் ஆள் 50களில் வேலை பார்த்தவர் என்றால் அவருடைய கேஸில் (ஈய எழுத்துகளைப் பிரித்துப் போட்டுவைக்கிற பெட்டி) இன்று நாம் எழுதுகிற ணா, றா, னா கிடையாது, சுழித்து எழுதுகிற பழைய வடிவம்தான். ணை, லை, ளை, னை எல்லாம் முன்னால் கொம்பு வைத்த ஒற்றை எழுத்து. 1978-ல் அரசு ஆணை வந்து பதின்மூன்று எழுத்துகள் மாறின. ஈய எழுத்தைத் தலைகீழாகப் படித்துப் பழகிய ஒருவருக்கு அந்த ஆணை என்ன செய்திருக்கும் என்று யோசியுங்கள். உங்கள் கதை அதுவரை வருகிறதா என்று தெரியாது. வந்தால் ஒரு அத்தியாயம் அங்கே காத்திருக்கிறது.

ஊர்சுற்றலுக்கு வருகிறேன். அதை விடவேண்டாம், ஆனால் அன்று ராத்திரியே நாலு வரி எழுதிவிட்டுப் படுங்கள். பழவேற்காடு போயிருந்தேன், டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டம், வாசலில் எலும்புக்கூடு செதுக்கியிருக்கும். நல்ல வெயில், திரும்பி வந்து மீன் குழம்பு சாப்பிட்டுத் தூங்கிவிட்டேன். மூன்று வாரம் கழித்துக் கட்டுரை எழுத உட்கார்ந்தால் அந்த எலும்புக்கூடு கையை எப்படி வைத்திருந்தது என்று ஞாபகம் வரவில்லை. போட்டோ எடுத்திருந்தேன், அதில் என் மச்சினர் முன்னால் நிற்கிறார். திரும்ப ரயிலேறி பொன்னேரி போய், பஸ் பிடித்து, அதைப் பார்த்துவிட்டு வந்தேன். அந்த வரியே கட்டுரையில் வரவில்லை என்பது வேறு விஷயம்.

வேடந்தாங்கல் போயிருக்கிறீர்களா? இல்லையென்றால் இந்த மாதத்துக்குள் போய்விடுங்கள், சீசன் முடியப்போகிறது. உங்களை மாதிரி செடி வைத்திருப்பவர்கள் பார்க்கவேண்டிய ஊர். ஏரிக்குள் நிற்கிற நீர்க்கடம்பு மரங்களில் நாரையும் நீர்க்காகமும் கூடு கட்டும், எச்சமெல்லாம் தண்ணீரில் விழும், அந்தத் தண்ணீர்தான் வயலுக்குப் பாயும். ஊர்க்காரர்கள் பறவைகளைக் காத்தது அதற்காகவும்தான். 1798-லேயே கலெக்டரிடம் போய் யாரும் சுடக்கூடாது என்று உத்தரவு வாங்கியிருக்கிறார்கள்.

இரவுப்பணி:

ஐயா, போட்டோவில் மச்சினர் நிற்கிறதைப் படித்துவிட்டு ரயிலில் சத்தமாகச் சிரித்துவிட்டேன், எதிரில் இருந்தவர் ஒரு மாதிரி பார்த்தார்.

திருடன் விஷயத்தில் நீங்கள் சொல்வதுதான் சரி, நான் அவசரப்பட்டுவிட்டேன். எனக்குத் தேட வழியில்லை, மந்தைவெளிக்கும் கிரீன்வேஸ் ரோடுக்கும் நடுவில் சிக்னல் போய்விடும், அதனால்தான் எழுதுகிறேனோ என்னவோ. அக்கா, எழுதும்போது இணையத்தை அணைத்து வையுங்கள். நான் பிரஷ் பற்றிச் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். கீரைக்கட்டு அண்ணா, வாடகை வீடு, பால்கனியில் காலையில் இரண்டு மணி நேரம்தான் வெயில், அதில் என்ன வரும்?

கீரைக்கட்டு:

அண்ணா இல்லை தம்பி, அக்கா.

இரண்டு மணி நேர வெயிலில் காய் எதுவும் வராது, ஆசைப்படாதே. புதினா, கற்பூரவல்லி, பொன்னாங்கண்ணி வரும். பொன்னாங்கண்ணிக்கு விதை தேட வேண்டாம், கடையில் வாங்குகிற கட்டில் நல்ல தண்டாக நாலை எடுத்துக் கிள்ளி நட்டுவிடு. மண்ணை மட்டும் போட்டு நிரப்பாதே, கனம் தாங்காது, தென்னைநார்க் கழிவும் தொழு உரமும் பாதிக்கு மேல் இருக்கட்டும். வேப்பம் புண்ணாக்கு ஒரு கை.

மொட்டைமாடி:

நாலு நாள் கழித்து வருகிறேன், எல்லாருக்கும் நன்றி.

ஐயா, 1978 ஆணையைப் பற்றி எனக்குத் தெரியும், ஆனால் என் ஆளோடு சேர்த்து ஒரு தடவைகூட யோசித்ததில்லை. கதை 1961-ல் முடிவதாக வைத்திருந்தேன். இப்போது முடியாது போலிருக்கிறது. இதற்கு உங்களைத் திட்டுவதா கும்பிடுவதா தெரியவில்லை.

ஆனால் ஒன்று. சமையல் நேரத்தைத் தின்கிறது என்று நான் எழுதியது முழுக்க நியாயமில்லை. முந்தாநாள் தண்டுக்கீரைத் தண்டில் நார் உரித்துக்கொண்டிருந்தபோதுதான் அந்தக் கம்பாசிட்டரின் மனைவி வாயைத் திறந்தாள். இத்தனை நாள் பேசாமலே இருந்தவள். அடுப்பை அணைத்துவிட்டு ஓடிப்போய் மளிகைச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதினேன். சாம்பாரில் தண்டு அரைவேக்காடு, மாமியார் ஒன்றும் சொல்லவில்லை, தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை வேடந்தாங்கல். செங்கல்பட்டு வரை மின்சார ரயில், அங்கிருந்து பஸ். போட்டோவில் வீட்டுக்காரர் நிற்காமல் பார்த்துக்கொள்கிறேன். எறும்பு வழியைக் கண்டுபிடித்து அடைத்தாயிற்று, துணி காயப்போடுகிற கம்பி வழியாக வந்துகொண்டிருந்தது.

இன்றைய கணக்கு: பத்தேகாலிலிருந்து பன்னிரண்டே முக்கால் வரை, இணையம் இல்லாமல். இரண்டு பக்கம், பெருக்கல் குறி ஒன்பது. ஆள் டிராமில் ஏறி, மவுண்ட் ரோடில் இறங்கியும்விட்டார். மாடிக்குப் போகாததில் வெண்டை மூன்று முற்றிவிட்டது, விதைக்கு விட்டுவிட்டேன். வேளச்சேரித் தம்பி, வெயிலுள்ள வீட்டுக்கு மாறினால் சொல்லுங்கள், எடுத்து வைக்கிறேன்.