மைனர் பணம் கைக்கு வந்த நாள்: உங்களுக்கு எப்படி?

தறிக்காரன்:
அப்பா லாரி விபத்தில் போனபோது எனக்கு 7 வயது. நஷ்டஈட்டில் என் பங்கை வங்கியில் டெபாசிட்டாகப் போட்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டியை அம்மா எடுத்துக்கொள்ளலாம் என்பது தீர்ப்பு. 18 முடிந்ததும் போனால், "கோர்ட் ஆர்டர் இல்லாமல் தொட முடியாது தம்பி" என்றார் மேனேஜர். சரி என்று என்னை மேஜராக அறிவித்து அம்மாவைக் கார்டியன் பொறுப்பிலிருந்து விடுவிக்க மனுப் போட்டோம். உத்தரவும் வந்தது.

பணம் விழுந்த அன்று பெரியப்பாவும் கூட வந்தார். கவுண்டரில் பாஸ்புக்கை அவர்தான் கை நீட்டி வாங்கினார். வரி வரியாகப் படித்தார். சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "வா, டீ சாப்பிடலாம்" என்றார். இரண்டு வடை தின்று முடித்தும் அதை எடுக்கவில்லை. அம்மா என்னைப் பார்க்கிறாள், நான் அவர் பையைப் பார்க்கிறேன். கேட்க எனக்கு வாய் வரவில்லை. கடைசியில் அம்மாதான், "மாமா, அவன் பேர் போட்டது அவன்கிட்டயே இருக்கட்டும்" என்றாள்.

கரிசல்காட்டான்:
உங்களுக்காவது பணம் வந்தது. தாத்தா என் பேருக்கு எழுதிவைத்த ஒன்றரை ஏக்கரை, நான் எட்டாவது படிக்கும்போதே அப்பா கார்டியனாகக் கையெழுத்துப் போட்டு விற்றிருக்கிறார். கோர்ட் அனுமதியெல்லாம் வாங்கவில்லை. 23 வயதில் வில்லங்கம் போட்டுப் பார்த்தபோதுதான் எனக்கே தெரிந்தது. அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இலைக்குப் பக்கத்தில் அந்தத் தாளை வைத்தேன். "உன் காலேஜ் ஃபீஸ் எங்கிருந்து வந்துச்சுன்னு நினைச்ச?" என்றார், சோற்றிலிருந்து தலையைத் தூக்காமல்.

மழைக்குருவி:
தறிக்காரன், 18-லேயே கொடுத்தார்களா? கோர்ட் கார்டியன் வைத்தால் 21 என்றல்லவா எங்கள் வீட்டில் சொல்வார்கள்?

பழைய குமாஸ்தா:
மழைக்குருவி, அந்த 21 கணக்கு 1999-லேயே போய்விட்டது. இப்போது 18தான். தெரியாமல் குழப்பாதீர்கள்.

கரிசல்காட்டான், 1956-ஆம் ஆண்டு இந்து மைனர் கார்டியன் சட்டத்தின் 8-ஆவது பிரிவு உங்கள் பக்கம் இருந்தது. அனுமதி இல்லாத விற்பனையை ரத்து செய்யக் கேட்கலாம். ஆனால் 18 முடிந்த 3 வருடத்துக்குள் வழக்குப் போட்டிருக்க வேண்டும். கூட்டுக் குடும்பத்தில் பிரிக்காத பங்கு என்றால் அந்தப் பிரிவே பொருந்தாது, அது வேறு வழக்கு.

பிள்ளைக்கு 17 வயது ஆனவர்கள் இப்போதே வில்லங்கம் போட்டுப் பாருங்கள். 18 ஆனதும் மைனர் கணக்கில் அப்பா அம்மா கையெழுத்து செல்லாது. பிள்ளையே போய்ப் புதுக் கையெழுத்தும் போட்டோவும் கொடுக்க வேண்டும். செல்வமகள் கணக்கு 18-இல் முடிந்துவிடும் என்று நினைக்கிறார்கள். இல்லை, ஆரம்பித்து 21 வருடம். 18-க்கு மேல் படிப்புக்குப் பாதி வரை எடுக்கலாம்.

என் அனுபவமா? தங்கை மகன் பணம் வந்த வாரமே பைக் வாங்கினான். அவ்வளவுதான்.

கரிசல்காட்டான்:
ஐயா, வழக்குப் போடப் போகிறேன் என்று நான் எங்கே சொன்னேன்? ஃபீஸ் அவ்வளவு ஆகவில்லை. மீதி என்ன ஆச்சு என்றுதான் இன்னும் கேட்காமல் இருக்கிறேன்.