பிக்சல் சராசரி 128, ஆனாலும் போட்டோமீட்டரில் வெளிச்சம் மாறுகிறது. ஏன்?

டர்பன்மாணவி:
வணக்கம். டர்பனில் உளவியல் முதுகலை படிக்கிறேன். பழகிய இடத்தின் படத்தைப் பார்த்தால் கண்பாவை விரிகிறதா என்பது என் ஆய்வு. உம்லாங்கா கடற்கரை, விக்டோரியா தெரு மார்க்கெட்டின் மசாலாக் குவியல், காவடியன்று இரவில் எடுத்த கோவில் வாசல் என்று ஊர்ப் படங்கள் ஒரு பக்கம், வெளிநாட்டுப் படங்கள் மறுபக்கம். வெளிச்சம் கூடினாலே பாவை சுருங்கிவிடும் என்பதால் எல்லாவற்றையும் கறுப்பு வெள்ளையாக்கி, பிக்சல் சராசரியை 128க்குக் (0 கறுப்பு, 255 வெள்ளை) கொண்டுவந்தேன். ஆனால் வெளிச்சம் அளக்கும் போட்டோமீட்டரைத் திரையில் வைத்து அளந்தால் கோவில் படம் கடல் படத்தைவிட நன்றாகவே கூடுதல். நிரலில் தப்பு தெரியவில்லை. எங்கே கோளாறு?

ஒளிமானி:
நிரல் சரிதான் தங்கச்சி. பிக்சல் எண் வெளிச்சத்தின் அளவு இல்லை, அதுதான் விஷயம். எஸ்ஆர்ஜிபி, அதாவது கணினித் திரைகளின் வழக்கமான வண்ண முறையில் உள்ள படத்தில், 128 என்றால் திரை தருவது வெள்ளையின் 22 சதவீதம்தான். பாதி வெளிச்சம் வேண்டுமானால் 188 போட வேண்டும்.

இரண்டு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று முழுக்க 128 சாம்பல். மற்றது பாதி 0, பாதி 255. சராசரி இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றே. திரையிலோ முதல் படம் 22 சதவீதம், இரண்டாவது 50 சதவீதம்! மங்கலான கடல் முதல் வகை. இருட்டும் விளக்குமான கோவில் இரண்டாம் வகை.

ஆகவே வண்ணப் படத்திலிருந்தே மறுபடி தொடங்குங்கள். எண்களை 255ஆல் வகுத்து, எஸ்ஆர்ஜிபி சூத்திரப்படி காமாவை, அதாவது பிக்சல் எண்ணுக்கும் வெளிச்சத்துக்கும் இடையிலான வளைவை, நீக்குங்கள். சிவப்பு 0.2126, பச்சை 0.7152, நீலம் 0.0722 என்று பெருக்கிக் கூட்டினால் கிடைப்பதுதான் ஒளிர்வு. அதன் சராசரியைச் சமப்படுத்திவிட்டு, காமாவைத் திரும்பப் போட்டுச் சேமியுங்கள். ஜேபெக் கோப்பாக வேண்டாம், எண்களைக் கொஞ்சம் மாற்றிவிடும். பிஎன்ஜி போதும்.

பீனிக்ஸ்காரர்:
அண்ணா சொன்ன கணக்கு ஒழுங்கான எஸ்ஆர்ஜிபி திரைக்கு. உங்கள் மானிட்டர் அப்படித்தான் நடக்கிறதா என்று முதலில் பாருங்கள். 0, 32, 64 என்று 255 வரை வெற்றுச் சாம்பல் கட்டங்களைக் காட்டி, ஒவ்வொன்றையும் அளந்து வளைவு வரைந்தால் தெரிந்துவிடும்.

போட்டோமீட்டரை எங்கே குறிவைத்தீர்கள்? குறிவைத்து அளக்கும் கருவி சின்ன வட்டத்தைத்தான் பார்க்கும். விளக்கின்மேல் விழுந்தால் ஒரு எண், இருட்டில் விழுந்தால் வேறு எண். படத்தின் சராசரியை அப்படிப் பிடிக்க முடியாது. கட்டங்களை அளந்து வளைவைப் பிடித்து, படத்தின் சராசரியை அந்த வளைவை வைத்துக் கணக்கிடுங்கள்.

தானியங்கி வெளிச்சம், இரவு வண்ணம், டைனமிக் கான்ட்ராஸ்ட் எல்லாவற்றையும் அணையுங்கள். மானிட்டர் அரை மணி நேரம் ஓடிச் சூடேறிய பிறகே அளவு நிலைக்கும். மின்சாரம் போய் வந்தால் அந்தக் காத்திருப்பு மறுபடி முதலிலிருந்து. இதைக் கணக்கில் எடுக்காமல் ஆய்வுக்கு நேரம் குறிக்கக் கூடாது.

டர்பன்மாணவி:
இரண்டு பேருக்கும் மிக்க நன்றி அண்ணா. கடலும் மார்க்கெட்டும் இப்போது ஒத்துப்போகின்றன. கோவில் படத்தில்தான் சிக்கல். சராசரியை உயர்த்தினால் விளக்குகள் 255ஐத் தாண்டி வெட்டுப்படுகின்றன. படங்களின் வெளிச்சத்தைச் சமப்படுத்தும் ஷைன் (SHINE) என்ற நிரல் கருவிப்பெட்டியில் ஹிஸ்டோகிராமை, அதாவது எந்த எண்ணில் எத்தனை பிக்சல் என்ற பரவலை, எல்லாப் படத்துக்கும் ஒன்றாகப் பொருத்தலாமா?

ஒளிமானி:
2010இல் வந்த அந்த மேட்லேப் கருவிப்பெட்டி நல்லதுதான். ஆனால் அது பிக்சல் எண்ணைத்தான் சமப்படுத்தும். திரையின் காமாவை முன்பே நேராக்கியிருந்தால்தான் அது ஒளிர்வுச் சமமாகும். ஹிஸ்டோகிராமை முழுதாகப் பொருத்தினால் இரவுப் படம் வெளிறி, பார்ப்பவருக்குக் கோவில் என்றே தோன்றாமல் போகலாம். பழக்கத்தைச் சோதிக்கும் ஆய்வுக்கு அது ஆகாது.

இலக்கைக் கீழே இறக்குங்கள். எந்தப் படமும் வெட்டுப்படாத அளவு எதுவோ அதுதான் இலக்கு. ஒரே ஒரு படத்துக்காக மற்றதெல்லாம் இருண்டு போவதாக இருந்தால் அதை எடுத்துவிட்டு, அதே வாசலின் மாலை நேரப் படத்தைப் போடுங்கள்.

அப்புறம், சராசரி சமமானாலும் கண் நிலைக்கும் இடத்து வெளிச்சம் பாவையை அதிகம் இழுக்கும். படங்களின் நடுப்பகுதி ஒளிர்வைத் தனியாகக் கணக்கிட்டு ஒப்பிடுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் அதே சராசரி ஒளிர்வுள்ள சாம்பல் திரையைச் சில விநாடி காட்டுங்கள்.