ஏர்கன்ல பித்தளைப் பொட்டு நிக்கவே மாட்டேங்குது

பல்லடத்துக்காரன்:
அண்ணனுங்களா, அப்பாரு காலத்து ஏர்கன் ஒண்ணு ஊட்டுல கெடக்குது. குழல் முனையில குறி பாக்கற இரும்புத் தகடு இருக்குதுல்ல, அதுந்தலைல மிளகுத்தண்டி பித்தளைப் பொட்டு ஒண்ணு, அது வுழுந்துபோச்சு. அரால்டைட் பசை போட்டேன், ஒரு வாரம் நின்னுச்சு, ஸ்பிரிங் அதுர்ற அதுர்ல மறுக்கா தெறிச்சிருச்சு. தகட்டைக் கழட்டி பக்கத்து வெல்டிங் பட்டறைல குடுத்தா ஆர்க்குல ஒரு தொடு தொட்டாரு, வெள்ளையா பொகை, பொட்டையே காணமுங்க. ரெண்டும் ஒட்டவே ஒட்டாதுங்களா?

கணபதி லேத்து:
ஒட்டுமுங்க, ஆர்க்குல தான் ஒட்டாது. பித்தளைல இருக்கற துத்தநாகம் 907 டிகிரிலயே கொதிக்கும், இரும்பு உருகறதுக்கு 1500 கிட்ட வேணும், அதுக்குள்ள பொட்டு எங்க இருக்கப்போவுது. அந்தப் பொகைய இழுத்துராதீங்க, எனக்கு ஒருக்கா ராத்திரி பூரா குளிர்காச்சல் கணக்கா தூக்கிப் போட்டுச்சு. ரெண்டையும் உருக்காம நடுவுல வேற ஒண்ண உருக்கி ஓட்டோணும். சில்வர் பிரேசிங்குன்னா, அதான் வெள்ளி கலந்த கம்பிய உருக்கி ஓட்டறது, 650க்கு மேல போவோணும், தகட்டோட கருநீலமெல்லாம் போயிரும், இத்தினியூண்டு பொட்டுக்கு அது எதுக்கு. வெள்ளீயம் 63 காரீயம் 37 கலந்த கம்பி போதும், 183லயே உருகிரும். ரெண்டையும் எமரி போட்டுத் தேச்சு, தனித்தனியா ஈயம் பூசிட்டு, அப்பறம் சேத்து வெச்சு சூடு காட்டுங்க. சூடு தகட்டுக்குத்தான், பொட்டுக்கு இல்ல. ஈயம் மினுக்குன்னு ஓடுனதும் தீய எடுத்துட்டு ஆடாம புடிங்க.

காங்கேயத்துச் சித்தப்பா:
தம்பி சொல்றது சரிதான், ஆனா ஈயத்த மட்டும் நம்பாதீங்க கண்ணு, அது மெத்துன்னு இருக்கற சாமான், அதுர்ச்சிக்கு நாளாவட்டத்துல விட்டுக்குடுத்துரும். தகட்டுல 1 மில்லில சின்ன ஓட்டை போட்டு, பொட்டுக்கு அடில காம்பு மாதிரி வுட்டு எறக்கி, அதுக்கு மேல ஈயம் ஓட்டுனா அசையாது. அப்பறம் ஈயம் புடிக்கறதுக்கு நவச்சாரம் போட்டு ஓட்டுனீங்கன்னா சோடா மாவுத் தண்ணில கழுவி தொடச்சு எண்ணெய் போட்ருங்க. சோம்பேறித்தனமா அப்படியே வெச்சா விடியறதுக்குள்ள துரு ஏறிரும்.

பல்லடத்துக்காரன்:
காம்பு வெச்சே பண்ணிட்டேனுங்க சித்தப்பா. முதல் தடவ பொட்டு கொஞ்சம் கோணையா நின்னுருச்சு, மறுபடி சூடு காட்டி நிமித்துனேன். டப்பாவ குறி வெச்சு முப்பது நாப்பது தடவ சுட்டாச்சு, பொட்டு அசையல. டப்பால தான் ஒண்ணும் படல, அது பொட்டுக் குத்தமில்லீங்க.