சேவல் இறகுல ஃப்ளை கட்டுறவங்க யாராவது இருக்கீங்களா?

வணக்கம் நண்பர்களே. நீலகிரி எமரால்டுல இருந்து எழுதுறேன். ஒரு வருஷமா டிரவுட் மீனுக்கு நானே ஃப்ளை, அதாவது பூச்சி மாதிரி தெரியுற தூண்டில் இரை, கட்டிப் பழகுறேன். அவலாஞ்சியில 1907-ல குஞ்சு பொரிப்பகம் வந்த காலத்துல இருந்து நம்ம ஓடைகள்ல இந்த மீன் இருக்கு. கட்டத் தெரிஞ்ச ஆள்தான் கண்ணுல படல.

14-ம் நம்பர் தூண்டில் முள், மெல்லிசான நூல், வீட்டுச் சேவலோட கழுத்து இறகு, இவ்வளவுதான் சாமான். முள்ளுத் தண்டுல நூலை நெருக்கமா சுத்தி, இறகைக் கட்டி, முள்ளோட கண்ணுக்கு (நூல் கோக்குற ஓட்டைக்கு) பின்னாடி நாலு சுத்து சுத்தினா மயிர் மயிரா விரிஞ்சு நிக்கும் பாருங்க, அதுக்காகவே ராத்திரி பதினொண்ணு வரைக்கும் உட்கார்ந்திருப்பேன். போன மாசம் அனுமதிச் சீட்டு வாங்கிட்டுப் போய் வீசினப்போ, நான் கட்டினதை மீன் கவ்வுச்சு. கை நடுங்கிடுச்சு.

ஆனா நாலஞ்சு வீச்சுலயே இறகு தண்ணி குடிச்சு மூழ்கிடுது. இளஞ்சேவல் இறகு மெத்துனு இருக்கிறதாலயா? வயசான சேவலோடது விறைப்பா நிக்குமா? கடைசியா கண்ணுப் பக்கம் போடுற தலைமுடிச்சும் அவுந்துடுது, நகப்பூச்சு தடவினேன், உரிஞ்சு வந்துடுச்சு. நீங்க என்ன தடவுறீங்க?

குன்னூர், கோத்தகிரி, கோவை எங்கே இருந்தாலும் சரி, ஒரு ஞாயித்துக்கிழமை பக்கத்துல உட்கார்ந்து உங்க கையைப் பார்க்க விட்டா போதும். கட்டினதை எல்லாம் எடுத்துட்டு வர்றேன்.