பிள்ளைகளோடும் பெரியவரோடும் கொடைக்கானலில் நடந்துபோய்ப் பார்க்கத்தக்க அருவிகள் எவை?

கேள்வி (திண்டுக்கல்லிலிருந்து)

வணக்கம். டிசம்பர் விடுமுறையில் இரண்டு நாள் கொடைக்கானலில் தங்க எண்ணியிருக்கிறோம். 10 வயது மகன், 6 வயது மகள், 68 வயது மாமனார் ஆகியோருடன் நானும் என் கணவரும் வருகிறோம். மாமனார் நாள்தோறும் காலையில் மூன்று கிலோமீட்டர் நடப்பவர். படி ஏறினால் மட்டும் முழங்கால் வலிக்கிறது என்பார். சென்ற முறை வாடகை வண்டியில் ஏறி, ஓட்டுநர் காட்டிய இடங்களிலெல்லாம் பத்து நிமிடம் இறங்கி நின்றதிலேயே பொழுது போயிற்று. வீடு திரும்பிய பின் பிள்ளைகளுக்கு நினைவில் இருந்தது அவித்த மக்காச்சோளம் ஒன்றுதான். இம்முறை காலையில் கிளம்பி, சோலைக்குள் நடந்து, ஓர் அருவியைப் பார்த்து, கட்டுச்சோறு உண்டு, மாலைக்குள் திரும்பும்படியான பாதைகள் இருந்தால் சொல்லுங்கள். பிள்ளைகள் நீரில் இறங்கிக் குளிக்கவும் ஆசைப்படுகிறார்கள்.

மறுமொழி 1 (கொடைக்கானலில் வசிப்பவர்)

அம்மா, முதலில் ஒரு செய்தி. இம்மலையில் பல பாதைகள் போகும்போது இறக்கமாகவும் திரும்பும்போது ஏற்றமாகவும் இருப்பவை. சமவெளியிலிருந்து வருபவர்கள் மலை என்றால் ஏறிவிட்டு இறங்குவது என்று எண்ணி, இறங்கும்போதே தெம்பைச் செலவழித்துவிடுகிறார்கள். ஆகவே தூரத்தைக் கேட்காதீர்கள். திரும்பி ஏற எவ்வளவு நேரம் ஆகும் என்று கேளுங்கள்.

தங்களுக்கு ஏற்றது வட்டக்கானல் பக்கம். பாம்பார் சோலையை ஒட்டிய அருவியை, முன்பு அங்கே ஒரு சோப்பு விளம்பரம் எடுத்ததால், ஊரில் பலரும் லிரில் அருவி என்றே சொல்வார்கள். அதைப் பார்த்துவிட்டு வட்டக்கானல் கடைகளைத் தாண்டினால், டால்பின் மூக்குப் பாறைக்கு ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் இறக்கம். வழியில் ஓரிடத்தில் மரவேர்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பின்னிப் படிக்கட்டுப் போலவே கிடக்கும். பிள்ளைகளுக்கு அதுவே விளையாட்டு. பாறை நுனிக்கு மட்டும் யாரும் போக வேண்டாம். பிற்பகலில் மஞ்சு ஏறிவிட்டால் கீழே பள்ளம் இருப்பதே தெரியாது. எட்டு மணிக்கெல்லாம் நடக்கத் தொடங்கிவிடுங்கள்.

இரண்டாம் நாளுக்குக் கரடிச் சோலை அருவி போதும். நகரத்துக்கு அருகிலேயே இருக்கிறது, நடையும் குறைவு. கோடையில் வெறும் பாறைதான்; வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்திருந்தால் டிசம்பரில் தண்ணீர் இருக்கும்.

மலைப்பாதையில் வரும்போதே எலிவால் அருவி எனப்படும் தலையாற்று அருவியை டம்டம் பாறையிலிருந்து பார்த்துவிடலாம். 297 மீட்டர் உயரம்; தொலைவிலிருந்து பார்க்கப் பெயருக்குப் பொருள் விளங்கும். வெள்ளி அருவி சாலையோரத்திலேயே விழுகிறது. ஆனால் அது ஏரியிலிருந்து வழிந்து வரும் நீர் என்பதால், என் பிள்ளைகளை நான் அதில் இறங்க விட்டதில்லை.

சொந்த வண்டியில் வருவதானால் இ-பாஸ் என்னும் இணையவழி நுழைவு அனுமதி எடுக்க மறவாதீர்கள். உயர் நீதிமன்ற ஆணைப்படி 2024 மே மாதம் தொடங்கியது.

மறுமொழி 2 (மதுரையிலிருந்து)

மேலே சொன்ன ஏற்றக் கணக்கை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். என் மகளுக்கு அப்போது ஏழு வயது. புதுச் செருப்போடு டால்பின் மூக்குக்கு அரை மணி நேரத்தில் துள்ளிக்கொண்டு இறங்கியவள், திரும்பும்போது பத்தடிக்கு ஒருமுறை உட்கார்ந்தாள். கடைசியில் தோளில் சுமந்து ஏறினேன், ஒன்றே கால் மணி நேரம் ஆயிற்று. வார் கட்டிய ஷூ இல்லாமல் யாரையும் அழைத்துவராதீர்கள்.

அட்டையைப் பற்றி யாரும் சொல்லவில்லையே! மழைக்குப் பின் சோலைக்குள் தரையிலும் புல் நுனியிலும் நூல்போல எழுந்து நின்று ஆடிக்கொண்டிருக்கும். பேன்ட் நுனியைக் காலுறைக்குள் திணித்துவிட்டு, காலுறைமேல் உப்பையோ புகையிலைத் தூளையோ தடவிக்கொள்ளுங்கள். கடித்துவிட்டால் பிய்த்து இழுக்காமல், அது கவ்விய இடத்தில் விரல் நகத்தை வைத்துப் பக்கவாட்டில் தள்ளினால் விட்டுவிடும். அதன் எச்சில் இரத்தத்தை உறையவிடாது. ஆகவே சிறிது நேரம் ஒழுகும். வலி இல்லை, ஆனால் வெள்ளைக் காலுறையில் இரத்தத்தைப் பார்த்ததும் பிள்ளைகள் ஊரைக் கூட்டிவிடுவார்கள். வீட்டிலேயே சொல்லி வைத்து அழைத்துவாருங்கள்.

மறுமொழி 3 (பெரியகுளத்திலிருந்து)

குளிப்பதுதான் நோக்கமென்றால் மேலே தேடாதீர்கள். மலையடிவாரத்திலுள்ள எங்கள் கும்பக்கரை அருவிக்கு வாருங்கள். அங்கே வருவதும் அதே பாம்பாற்று நீர்தான். மலையுச்சியில் குளிர்ந்து கிடக்கும் நீர் அடிவாரத்துக்கு வரும்போது பிள்ளைகள் இறங்கும் பதத்துக்கு வந்துவிடும். ஆனால் மேலே வட்டக்கானல், வெள்ளகவி பக்கம் மழை பெய்தால், கீழே வானம் வெளுத்திருக்கும்போதே வெள்ளம் திடீரென்று இறங்கும். அதனால்தான் வனத்துறையினர் அடிக்கடி குளிக்கத் தடை விதிக்கிறார்கள். வெயில் அடிக்கிறதே, ஏன் விடவில்லை என்று அவர்களோடு வாதிடுபவர்களை ஒவ்வொரு ஆண்டும் பார்க்கிறேன்.

நடையில் விருப்பமுள்ள குடும்பம் என்பதால் இன்னொன்று. டால்பின் மூக்கிலிருந்து மேலும் இறங்கினால் வெள்ளகவி என்னும் மலைக்கிராமம் வரும். அங்கிருந்து கும்பக்கரைக்கே இறங்கலாம். வெள்ளகவி மக்கள் ஊருக்குள் செருப்பு அணிவதில்லை. பார்க்க வேண்டிய ஊர்.

மறுமொழி 1 மீண்டும்

நண்பர் சொன்னது உண்மையே, ஆனால் இந்தக் குடும்பத்துக்கு அது வேண்டாம். ஆயிரம் மீட்டருக்கு மேல் தொடர்ந்து இறங்குவது, ஏறுவதைவிட முழங்காலை அதிகம் வாட்டும். இக்காடுகள் 2013 முதல் வனவிலங்குச் சரணாலயம்; 2018 மார்ச்சில் தேனி மாவட்டக் குரங்கணி மலையில் நேர்ந்த காட்டுத்தீயில் 23 பேர் இறந்த பிறகு மலையேற்றத்துக்கு விதிகள் கடுமையாகிவிட்டன. அனுமதியும் வழிகாட்டியும் இல்லாமல் அப்பாதையில் போகக் கூடாது.

காட்டெருமைகள் நகருக்குள்ளேயே நடமாடுகின்றன. சாலையில் மேயும் மாடுபோல் சாதுவாகத் தோன்றும். படம் எடுக்க நெருங்காமல், அது நகரும்வரை நின்றுவிடுங்கள்.

கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. முதல் நாள் வட்டக்கானல், மறுநாள் காலை கரடிச் சோலை, அன்று மாலை வத்தலக்குண்டு வழியாக வீடு என்று முடிவு செய்துவிட்டோம். கும்பக்கரை தனியாக ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு. மாமனாரை மட்டும் அந்த வேர்ப்படிகளில் இறக்கலாமா என்று தயங்குகிறேன்.

மறுமொழி 1

வேர்ப்படி வரை அவரை இறக்க வேண்டாம். வட்டக்கானலில் தேநீர்க் கடைகள் இருக்கின்றன. மேகம் விலகும்போது அங்கிருந்தே மலைமடிப்பும் பள்ளத்தாக்கும் தெரியும். கட்டுச்சோற்றையும் அவரிடமே கொடுத்துவிட்டுப் போங்கள், பாறைமேல் பிரித்தால் குரங்குக்குத்தான் போகும். அவர் கையில் ஒரு தடியும் இருக்கட்டும்.